ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தது யார்?

இந்த வருஷமும் சாரலுக்கு வந்தாயிற்று. தென்காசியில் மகள் வீடு இருப்பதால் ஜூலை மாதம் எனக்கு ஜாகை இங்கேதான். விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்விட்டால் கூட்டம் இருக்காது. என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் நாலு பேர், வெளியூரிலிருந்து இரவோடு இரவாக வேன் பிடித்து வந்தவர்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான். குளித்துவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, பழக்கடைகளில் ஒரு சுற்று. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று பாண்டிச்சேரியில் நாங்கள் சின்ன வயதில் கண்ணால் பார்க்காத பழங்களெல்லாம் இங்கே குவிந்து கிடக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ரோடு முழுக்க கார். வழக்கமாகப் பழம் வாங்கும் கடையில் நிற்கிற பையன் (பையன் என்றால் முப்பத்தைந்து வயது இருக்கும்) ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்காகக் கேட்டேன்.

"என்ன தம்பி, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையா?"

"ஞாயித்துக்கிழமைதான ஐயா நமக்கு யாவாரமே! சீசன் முடியுற வரைக்கும் லீவுன்னு ஒண்ணு கெடையாது. வெள்ளம் வந்து, அருவியில குளிக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்கன்னா அன்னைக்கு லீவு. கூலிக்கும் லீவு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கடைக்கார அண்ணாச்சியும் சிரித்தார். "நானும் இவன மாதிரி நின்னவன்தான் ஐயா. மெட்ராஸ்ல மளிகைக் கடையில பன்னெண்டு வருசம். எங்க மொதலாளி தகப்பன் மாதிரி. தீவாளிக்குத் துணி, ஊருக்குப் போகப் பணம், கடைசில கடை வைக்கவும் அவருதான் கை கொடுத்தாரு" என்றார். பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த ஜில்லாவில் அப்படிக் கடைப்பையனாக நின்று கடை முதலாளி ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நல்ல முதலாளி கிடைத்தவன் கரையேறினான். கிடைக்காதவன் என்ன ஆனான் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

"தகப்பன் மாதிரி" என்று அவர் சொன்னதும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் முதலாளிக்கு 'பத்ரோன்' என்று பெயர். அது லத்தீனில் தகப்பனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். வேலைநிறுத்தத்துக்கு 'கிரேவ்' என்று பெயர். அது இன்னும் வேடிக்கையான சொல். கிரேவ் என்றால் முதலில் ஆற்றங்கரை மணல் மேடு. பாரிஸில் சேன் நதிக்கரையில் அப்படி ஒரு திடல் இருந்தது. வேலை தேடுகிறவர்கள் காலையில் அங்கே போய் நிற்பார்கள். ஆள் வேண்டியவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். 'கிரேவில் நிற்பது' என்றால் வேலைக்காகக் காத்து நிற்பது. பிற்காலத்தில் அதுவே வேலை செய்ய மறுத்து நிற்பதற்கும் பெயராகிவிட்டது. தண்ணீர் ஓரமாக, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நிற்கிற ஆட்களை ஐந்தருவி ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் சர்க்கார் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமையை ஏதோ பிறப்புரிமை மாதிரி அனுபவித்தேனே, அதை யார் கொடுத்தார்கள்?

சட்டம் கொடுத்தது என்றுதான் என்னைப் போன்ற குமாஸ்தா உடனே சொல்வான். சட்டம் இருந்தது உண்மை. வெள்ளைக்காரன் 1891இல் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத்திலேயே வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, பெண்களுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் அதில் இருந்தது. வயது வந்த ஆண்களுக்கு மட்டும் நேரக் கணக்கே கிடையாது. அவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை.

அந்தச் சட்டம் வந்து பதினேழு வருஷம் கழித்து, இங்கிருந்து கிழக்கே தூத்துக்குடியில், ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்று ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். காகிதத்தில் இருந்த ஒன்று பதினேழு வருஷமாக அந்த ஆலையின் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அந்த ஆலைதான் கோரல் மில். அதை நடத்தியது ஹார்வி கம்பெனி. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போனவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். தாமிரபரணி மலையிலிருந்து விழுகிற வேகத்தையே சக்தியாக்கி 1880களில் பாபநாசத்தில் நூற்பாலை வைத்தவர்கள் அவர்கள். நாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குத்தான் அருவி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்காட்லாந்துக்காரன் அதில் கதிர் ஓட்ட முடியும் என்று பார்த்தான். அடுத்து தூத்துக்குடியில் கோரல் மில், பிறகு மதுரையில் மில் என்று அவர்கள் கை நீண்டுகொண்டே போனது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கும் அவர்களே ஏஜெண்ட்.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். ஏனென்றால் அந்தக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கினார். காலியா பிரான்சிலிருந்து வந்தது. பிரான்ஸ் தேசத்தின் பழைய லத்தீன் பெயரே அதுதான் என்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். ஆக, வ.உ.சி.யும் ஒரு வகையில் முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். கம்பெனி நடத்தியவர், ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தவர். அவர்தான் ஆலைத் தொழிலாளர்களுக்காக நின்றார். எதிரிக் கம்பெனியின் ஆலை என்பதால்தான் அங்கே போனார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே. விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வருகிறவனுக்கு, உதவ வந்தவரின் மனசுக்குள் என்னென்ன கணக்கு இருந்தது என்று தோண்டிப் பார்க்க நேரம் ஏது?

1908 பிப்ரவரி 27ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். சங்கம் கிடையாது, உறுப்பினர் சந்தா கிடையாது, கொடி கிடையாது. ஊர்தான் சங்கம். ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். சிலருக்கு மாற்று வேலை கொடுத்தார்கள். தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதி சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டுப் போன கதையைத் தூத்துக்குடிப் பக்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பாதி மீசையோடு ஒரு வக்கீலை நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 6ஆம் தேதி ஆலையிலிருந்து ஓர் ஆள் வ.உ.சி.யைத் தேடி வந்தார். அவர் துரையும் இல்லை, தொழிலாளியும் இல்லை. ஆலையின் தலைமைக் குமாஸ்தா. கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சம்மதிக்கத் தயார் என்ற சேதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். வ.உ.சி. ஐம்பது தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிர்வாகியைப் பார்த்தார். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எல்லாவற்றுக்கும் சம்மதம். பதினேழு வருஷம் சட்டம் கொடுக்காத ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நாளில் வந்தது. கல்கத்தாவில் அரவிந்தர் தம்முடைய 'வந்தே மாதரம்' பத்திரிகையில் இந்த வெற்றியைப் பாராட்டி எழுதினார். அதே அரவிந்தர் இரண்டு வருஷத்தில் எங்கள் ஊருக்கு வந்து கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டார் என்பது வேறு கதை.

இந்த வரலாற்றில் வ.உ.சி.யைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு அந்தத் தலைமைக் குமாஸ்தாவின் மேல்தான் கண். அன்று காலை என்ன மனநிலையில் நடந்து வந்திருப்பார்? துரையிடம், 'இனி தாங்காது, கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்ததா, இல்லை, சொன்னதை மட்டும் சுமந்து வந்தாரா? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எப்போதும் ஒரு குமாஸ்தா இருக்கிறான். சம்பளம் வாங்குகிற விதத்தில் அவன் தொழிலாளி. பேனா பிடிக்கிற விதத்தில் முதலாளியின் கை.

இதை எழுதும்போது என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

1983 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஆபீசில் ஒரு நாள்கூலிக் காவலாளி இருந்தார். வாரம் ஏழு நாளும் வருவார். வராத நாளுக்குக் கூலி இல்லை. அவர் ஒரு மனு கொடுத்தார்; யாரோ எழுதிக்கொடுத்த தமிழ் மனு. வாரம் ஒரு நாள் கூலியோடு ஓய்வு வேண்டும், மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது என்று. கோப்பு என் மேஜைக்கு வந்தது. விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். நாள்கூலிக்கு ஓய்வு நாள் ஊதியம் என்று எதுவும் அதில் இல்லை. 'விதியில் இடமில்லை, கோப்பில் வைக்கலாம்' என்று இரண்டு வரி எழுதி மேலே அனுப்பினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பு இல்லை. அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தினமும் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு "வணக்கம் சார்" என்பார். நான் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது "திங்கக்கிழமை பாக்கலாம் சார்" என்பார்.

1988 ஜூன் 7ஆம் தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணை ஒன்று வந்தது. தினக்கூலி ஊழியர்கள் சம ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதன் விளைவு. ஆறு நாள் தொடர்ந்து வேலை செய்தால் ஏழாம் நாள் ஊதியத்தோடு ஓய்வு என்று தெளிவாக எழுதியிருந்தது. பிரதி எடுத்து எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு விட்டவன் நான்தான். அந்தக் காவலாளி அதற்கு முந்தின வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று விசாரிக்கவும் இல்லை. ஐந்து வருஷம் முன்னால் நான் அந்த மனுவின் மேல் 'இடமில்லை, ஆனால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பேனாவில் மை இருந்தது.

சரி, தூத்துக்குடிக்குத் திரும்புவோம். அந்த வெற்றிக்கு ஆயுசு என்னவோ குறைச்சல்தான். சம்மதம் கிடைத்து ஆறே நாளில், மார்ச் 12ஆம் தேதி, வ.உ.சி.யையும் சிவாவையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியது உடனடிக் காரணம். ஆலையில் கிடைத்த வெற்றி அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது அடியில் இருந்த காரணம். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள், இந்தத் தடவை தங்களுக்காக அல்ல. ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்தது, ஆனாலும் கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கு இழுத்துவிட்டு 1912 கடைசியில்தான் வெளியே வந்தார். கப்பல் கம்பெனி அதற்குள் மூழ்கிவிட்டது.

அந்த 1908 சமயத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். பிற்பாடு கலெக்டராகி, 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் செங்கோட்டை; ஐந்தருவியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். கைத்துப்பாக்கிப் பழக்கம் எடுத்தது எங்கள் பாண்டிச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். செங்கோட்டையில் வாஞ்சியின் சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இரண்டு மனசு. சுட்டதைக் கொண்டாட என்னால் முடியாது. ஆனால் ஒரு மில்லில் ஞாயிற்றுக்கிழமை கேட்டதில் புறப்பட்ட கோபம் எங்கெல்லாம் சுற்றி எங்கே வந்து முடிந்தது என்று நினைக்காமலும் இருக்க முடிவதில்லை.

சங்கம் என்ற ஒன்று முறையாக வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையில், பி. பி. வாடியா தலைவராக, பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிற்சங்கம். வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினார்கள் என்று மில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடையும் வாங்கியது. சங்கம் வைப்பதே சட்ட விரோதமாகிவிடும் போலிருக்கிறதே என்ற பயத்தில் கிளம்பிய முயற்சிதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். எங்கள் தெருவே ரோடியர் மில் சங்குக்குத்தான் எழுந்திருக்கும், சமைக்கும், தூங்கும். எதிர்வீட்டுத் தாத்தா அந்த மில்லில் தறி ஓட்டியவர். சங்கு ஊதினால், ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆன பிறகும் திண்ணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்காருவார்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் 1936ஆம் வருஷத்தைப் படித்தோம். பிரான்சில் மக்கள் முன்னணி ஜெயித்தது, லெயோன் புளூம் பிரதமர் ஆனார், தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஜூன் 7ஆம் தேதி மத்திஞோன் ஒப்பந்தம், வாரம் நாற்பது மணி நேர வேலை, வருஷம் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. பாடப் புத்தகத்தில் ஒரு போட்டோகூட இருந்ததாக ஞாபகம்: புருஷனும் பெண்டாட்டியும் சைக்கிளில் கடற்கரைக்குப் போகிறார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஆனால் அதே வருஷம் ஜூலை 30ஆம் தேதி எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

எனக்கு அதைச் சொன்னது எதிர்வீட்டுத் தாத்தாதான். பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைத்ததை, பிரெஞ்சுக் கொடிக்குக் கீழேயே இருக்கிற பாண்டிச்சேரித் தொழிலாளியும் கேட்டான். வ. சுப்பையா தலைமை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. 'சுதந்திரம்' என்று பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். முந்தின வருஷமே சவானா மில்லில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் நடந்திருந்தது. இந்தத் தடவை, பாரிஸில் செய்த மாதிரியே, ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். பாரிஸில் உட்கார்ந்தவனிடம் பிரதம மந்திரியின் மாளிகையில் வைத்துப் பேசினார்கள். பாண்டிச்சேரியில் உட்கார்ந்தவனைச் சுட்டார்கள். பன்னிரண்டு பேர் செத்தார்கள். தாத்தா இதைச் சொல்லிவிட்டு, "பிரெஞ்சுப் பாடம் நல்லாப் படி" என்றார். கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தூத்துக்குடிக்கும் பாண்டிச்சேரிக்கும் உள்ள வித்தியாசம். சேதி பிரான்சை எட்டியது. அங்கே இருந்தது சோஷலிஸ்டுகளின் அரசாங்கம். தங்கள் ஆட்சியில் தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள் என்பது அவர்களுக்கே தலைக்குனிவு. நேரு அக்டோபரில் பாண்டிச்சேரி வந்தார். சுப்பையா பாரிசுக்கே போய்ப் பேசினார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் ஆணை வெளிவந்தது: எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் வருஷச் சட்டப்படி நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐம்பத்து நாலு. எல்லையைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போனால் இரண்டு மணி நேரம் கூட வேலை என்று அர்த்தம். பாபநாசம் ஹார்வி மில்லுக்கும் அதே பத்து மணிக் கணக்குதான். 1946 வரை அப்படி.

உத்தியோகத்தில் இருந்தபோது பழைய பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள்; ஆபீசில் அந்த மொழி தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அப்படித்தான் அந்த ஆணையை முதலில் முழுசாகப் படித்தேன். அழகான பிரெஞ்சு. ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவில் சவரக் கத்தி நுழையாது. பன்னிரண்டு பேரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. சட்டம் அப்படித்தான் எழுதப்படும். நானும் அப்படித்தான் எழுதுவேன். சவானா மில் பிற்பாடு சுதேசி மில் ஆனது. ஜூலை 30ஆம் தேதி வந்தால் இன்றும் அங்கே மாலை போடுவார்கள். நான் அந்தத் தேதியில் பெரும்பாலும் சாரலில்தான் இருக்கிறேன்.

சாரல் மாதத்துக்கு இன்னொரு தேதியும் உண்டு. இதே மலைத்தொடரில் தெற்கே போனால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு ஒரு பம்பாய்க் கம்பெனி எடுத்த தேயிலைத் தோட்டம். தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறைக்குப் போனவர்களை விடச் சொல்லி, 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். கையில் இருந்தது மனு. தடியடி நடந்தது. தாமிரபரணியில் இறங்கியவர்கள் திரும்பி வரவில்லை. பதினேழு பேர், பெண்கள் உண்டு, கைக்குழந்தை உண்டு. அன்று நான் பாண்டிச்சேரியில் என் மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல வந்த மனுக்களின் மேல் 'பெறப்பட்டது' முத்திரை குத்திக்கொண்டிருந்திருப்பேன். மறுநாள் பேப்பரைப் பார்த்தபோது முதலில் தோன்றியது, அந்த மனுவை யாராவது வாங்கி ஒரு முத்திரை குத்தியிருக்கலாமே என்பதுதான். குமாஸ்தா புத்தி.

திரும்ப, ஐந்தருவி. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கென்று 1947ஆம் வருஷத்திலேயே சட்டம் உண்டு. வாரம் ஒரு முழு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் ஒரு திருத்தம் வேறு வந்தது. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். செவ்வாய்க்கிழமை பழம் வாங்கப் போனபோது இதை அந்தத் தம்பியிடமும் அண்ணாச்சியிடமும் சேர்த்தே சொன்னேன், யார் மனசும் நோகாமல். முதலில் இரண்டு பேரும் நான் ஏதோ ஆபீசர் என்று பயந்துவிட்டார்கள். ரிட்டயர்டு ஆள், பாண்டிச்சேரி என்றதும் மூச்சு வந்தது.

"சட்டம்லாம் சரி ஐயா. சீசனே மூணு மாசம். கடை ஏலத்துக்கு நான் கெட்டுன பணத்த எடுக்கணும்லா?" என்றார் அண்ணாச்சி. அதுவும் நியாயம்தான். வருஷம் முழுவதற்கான சோற்றை மூன்று மாதத்தில் சம்பாதிக்க வேண்டிய ஊர் இது.

தம்பி பதில் ஒன்றும் சொல்லவில்லை. மங்குஸ்தானில் கெட்டியானதை ஒதுக்கி, அமுக்கினால் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து எனக்கு எடுத்துப் போட்டார். பிறகு, அண்ணாச்சி டீ குடிக்க அந்தப் பக்கம் போனதும், "வாரத்துல ஒரு நாள்ன்னு எழுதியிருக்கா ஐயா, இல்ல ஞாயித்துக்கிழமைன்னே எழுதியிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாரத்துல ஒரு நாள்தான் தம்பி. எந்த நாளா இருந்தாலும் சரி."

"அப்ப செவ்வாய்க்கெழம கேக்கலாம். செவ்வாய்க்கெழம கூட்டம் கம்மிதான்."

நேற்று ராத்திரி மலையில் நல்ல மழை. காலையில் போனால் அருவிக்கு முன்னாலேயே போலீஸ்காரர் விசில் ஊதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து கிளையும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ரோடு காலி. கடையைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் கோணியை விரித்து, சத்தம் எதுவும் காதில் விழாமல் தூங்கிக்கொண்டிருந்தார் அந்தத் தம்பி. எழுப்பாமல் வந்துவிட்டேன்.